ஒன்லி ஃபைவ் மினிட்ஸ் மேடம்

"அழகுசுந்தரம், அந்தப் பிரெஞ்சுக்காரவுக நம்ம ஓட்டலப் பத்தி நெட்டுல என்ன எழுதியிருக்காகன்னு படிச்சீகளா?"

சென்னையிலிருந்து சாலா ஆச்சி பேசும்போது போனைக் காதை விட்டு நாலு விரல் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். ஓட்டல் ஆச்சியுடையது. பூர்வீக வீட்டைச் சும்மா பூட்டிப்போட மனசில்லாமல், எட்டு அறைக்கு ஏசி போட்டு, காரைக்குடி திருப்பத்தூர் ரோட்டில் ஒரு போர்டும் வைத்து, வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஓட்டலாக மாற்றிவிட்டார். ஆச்சி அண்ணாநகரில் இருக்கிறார். இங்கே மேனேஜர் அழகுசுந்தரம்.

"படிச்சேன் ஆச்சி. சாப்பாடு பிரமாதம்னு எழுதியிருக்காக."

"அதுக்குக் கீழ?"

அதுக்குக் கீழே இருந்ததையும் அழகுசுந்தரம் படித்திருந்தார். படிக்காத மாதிரி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். ஆச்சியே தமிழில் சொன்னார்.

"'இங்கே எதைக் கேட்டாலும் ஐந்து நிமிடம் என்கிறார்கள். நான் மூன்று நாள் தங்கினேன். முதல் நாள் ஆரம்பித்த அந்த ஐந்து நிமிடம், நான் கிளம்பும்போதும் முடிந்திருக்கவில்லை.' நல்லாருக்கா?"

"அவுக கொஞ்சம் அவசரப்படுற ஆளுக ஆச்சி."

"அவுக அவசரப்படலை. நீங்கதான் பொய் சொல்றீக. இப்ப ஒரு இங்கிலீஷ்காரம்மா தங்கியிருக்காகல்ல? நேரத்தப் பத்தி அவுக ஒரு கொற சொல்லக் கேட்டேன்னா, நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க. அந்த நாற்காலில உக்கார ஆளா இல்ல?"

போன் கட்டாகிவிட்டது.

அந்த நாற்காலியில் உட்கார அழகுசுந்தரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பதினாறு வருஷம் ஜவுளிக்கடையில் பில் போட்டவர். நாற்பத்தெட்டு வயசில்தான் 'மேனேஜர்' என்று கார்டு அடித்தார். அவர் மனைவி சுபலட்சுமி அந்தக் கார்டைத் தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டாள், கறிக்கடைக்காரர் வரைக்கும். இனிமேல் வேலை போய்விட்டது என்றால் அத்தனை கார்டையும் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்க வேண்டும்.

சரி, அவர் பொய் சொன்னாரா என்றால், அவர் கணக்கில் அது பொய்யே இல்லை. இந்தப் பக்கத்தில் யாரிடமாவது 'எவ்வளவு நேரமாகும்' என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரமாகும் என்று சொல்லவே மாட்டார்கள். கேட்டவர் மனசு நோகாத ஒரு நேரத்தைச் சொல்வார்கள். விருந்தாளியிடம் போய் 'ஒன்றேகால் மணி நேரமாகும்' என்றால், எழுந்து போ என்று சொன்ன மாதிரி. அதனால் தையல்காரர் நாளைக்கு என்பார். பிளம்பர் இந்தா வந்துட்டேன் என்பார், தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு. அழகுசுந்தரம் அதையே இங்கிலீஷில் சொன்னார். இங்கிலீஷில் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். தொல்லையே அதுதான்.

இங்கிலீஷ்காரம்மா பெயர் ஜூடித். அறுபது வயசிருக்கும். தனியாக வந்தவர். சனிக்கிழமை வந்து இறங்கியதுமே வெந்நீர் கேட்டார்.

"ஹவ் லாங் வில் இட் டேக்?"

"ஒன்லி ஃபைவ் மினிட்ஸ் மேடம்."

வெந்நீர் ஐம்பது நிமிஷம் கழித்து வந்தது. மத்தியானச் சாப்பாடு 'ஒன்லி ஹாஃப் அன் அவர்.' அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் சமையல்கார சோலையம்மாள் அப்போதுதான் கத்தரிக்காய் வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். இலை போட்டபோது மணி மூன்று. ஜூடித் முகம் சுளிக்கவில்லை. கைப்பையிலிருந்து சின்னதாக ஒரு நோட்டை எடுத்தார். நடுவில் ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் அழகுசுந்தரம் சொன்ன நேரம், அந்தப் பக்கம் ஆன நேரம். அழகுசுந்தரம் அதை எட்டிப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆச்சி போனை வைத்ததும் அந்தக் கோடுதான் கண்முன் வந்தது.

உடனே ஈஸ்வரனுக்குப் போன் போட்டார். ஈஸ்வரன் காரைக்குடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறவர். முப்பதே நாளில் இங்கிலீஷ் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அழகுசுந்தரம் அவரிடம் முப்பது நாளை மூன்று தடவை படித்தவர்.

"சார், எவ்வளவு நேரமாகும்னு கேட்டா இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்? நான் சொல்றது சரியா வரமாட்டேங்குது."

"நம்பர் சொல்றீகளா?"

"ஆமா சார். ஃபைவ் மினிட்ஸ்னு."

"அங்கதான் மாட்டிக்கிட்டீக. வெள்ளக்காரவுக நம்பர் சொல்ல மாட்டாக. 'இட் வோன்ட் டேக் லாங்'ம்பாக. ரொம்ப நேரம் ஆகாதுன்னு அர்த்தம். அதான் நேச்சுரல் இங்கிலீஷ்."

"அப்ப எம்புட்டு நேரம்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக்கூடாதுன்னுதான சார் எனக்குப் போன் பண்றீக."

படித்த மனுஷன் படித்த மனுஷன்தான் என்று அழகுசுந்தரம் மெச்சிக்கொண்டார். அன்றைக்கே அதைப் பிரயோகிக்க வாய்ப்பும் வந்தது. ஜூடித் திருக்கோஷ்டியூர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவு நேரமாகும் என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"இட் வோன்ட் டேக் லாங் மேடம்."

ஜூடித் பேனாவை நிறுத்திவிட்டார். அப்படியென்றால் பத்து நிமிஷமா, இரண்டு மணி நேரமா?

அழகுசுந்தரம் யோசித்துப் பார்த்து, "இன் பிட்வீன் மேடம்" என்றார்.

டிரைவர் மலையாண்டி வண்டியை எடுத்தான். முக்கால் மணி நேர வழிதான். ஆனால் திருப்பத்தூரில் அவன் மச்சினனுக்கு ஒரு மண்வெட்டி வாங்க வேண்டியிருந்தது. மண்வெட்டி வாங்கினால் காம்பு போட வேண்டும். காம்பு போடுகிற ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். கோயில் வாசலுக்குப் போனபோது நடை சாத்திவிட்டார்கள். இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஜூடித் நாலு மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது அவர் மூக்கு மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது.

"ஏன்டா மலையாண்டி, அவுக சாமி பாக்கவா வந்தாக, ஓன் மம்பட்டிக்குக் காவலிருக்கவா வந்தாக?"

"எனக்கென்ன சார் தெரியும். ரொம்ப நேரமாகாதுன்னு நீங்க சொன்னதா அந்தம்மா சொல்லுச்சு. சரி, அவசரமில்லபோலன்னு நெனச்சேன்."

அன்று சாயங்காலம் ஜூடித் ஆபீஸ் அறைக்கு வந்தார். சாந்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு ஐம்பதுக்கு மதுரையிலிருந்து ஃப்ளைட். அதைத் தவறவிடவே முடியாது. புரிகிறதா?

அழகுசுந்தரத்துக்குப் புரிந்தது. ஃப்ளைட் போனால் ஜூடித் எழுதுவார். ஜூடித் எழுதினால் ஆச்சி படிப்பார். ஆச்சி படித்தால் நாற்காலி போகும்.

சோறு இறங்காமல் உட்கார்ந்து யோசித்தார். இனிமேல் உண்மையான நேரத்தைத்தான் சொல்வது என்று முடிவு செய்தார். அதில் ஒரு சிக்கல். உண்மையான நேரம் அவருக்கும் தெரியாது. அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. திங்கட்கிழமை காலையில் பேப்பரும் பேனாவுமாக அடுப்படிக்குப் போனார்.

"சோலையம்மா, சோறு ஆக எம்புட்டு நேரமாகும்?"

"வெந்ததும் எறக்கிருவேன்."

"வேக எம்புட்டு நேரமாகும்?"

"அத அரிசியக் கேளுங்க தம்பி. என்னயக் கேட்டா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்லு."

"பேச்சுக்குன்னா அஞ்சு நிமிசம்."

பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை. எதைக் கேட்டாலும் தாராளமாகக் கூட்டிச் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னதற்கு முன்னால் வந்தால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? இந்த யோசனை ஈஸ்வரனுக்குக்கூடத் தோன்றவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

ஜூடித் டீ கேட்டார்.

"ஒன் அவர் மேடம்."

"ஒரு டீக்கா?"

"மினிமம் மேடம்."

ஜூடித் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் பறவை பார்க்கக் கிளம்பிவிட்டார். அவர் வாசல் தாண்டவும் சோலையம்மாள் டீயோடு வரவும் சரியாக இருந்தது. அன்றைக்கென்று பார்த்து ஆறே நிமிஷத்தில் டீ.

"இந்தாங்க தம்பி, சூடா இருக்கு. அந்தம்மா எங்க?"

"ஏன் இதுக்குள்ள போட்ட?"

"வெரசாப் போட்டாலும் குத்தமா? நல்ல ஓட்டலு."

டீ ஆறுகிறதே என்று அழகுசுந்தரம் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கண்மாய்க்கரையில் ஓடினார். மேனேஜர் ஓடுவதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராக்காயி, "என்னண்ணே, யாரும் கண்மாயில விழுந்துட்டாகளா?" என்று கேட்டாள். அவர் ஓடிய சத்தத்தில் கொக்கு அத்தனையும் பறந்துவிட்டது. ஜூடித் காமிராவைக் கீழே இறக்கிவிட்டு வாட்சைப் பார்த்தார். நோட்டை எடுத்தார். 'ஒரு மணி நேரம்' என்று இந்தப் பக்கம், 'பதினொரு நிமிஷம்' என்று அந்தப் பக்கம்.

மத்தியானச் சாப்பாடு மூன்று மணி நேரமாகும் என்றார். அது அப்போதே தயாராக இருந்தது. கட்டில் விரிப்பு மாற்ற ஒரு மணி நேரமாகும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மாற்றிவிட்டார்கள். அவர் மேனேஜராகிப் பதினொரு மாதத்தில் இல்லாத சுறுசுறுப்பு அன்றைக்குத்தான் எல்லாருக்கும் வரவேண்டுமா? சாயங்காலத்துக்குள் ஜூடித் அவரிடம் எதையும் கேட்பதையே விட்டுவிட்டார். நேராக அடுப்படிக்குப் போய்க் கையைக் காட்டிக் கேட்கிறார். சோலையம்மாள் விரலைக் காட்டுகிறாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறார்கள். ஈஸ்வரனுக்கு அந்த வித்தை தெரியாது.

திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அழகுசுந்தரம் மேஜை பக்கத்தில் போய் நின்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், மதுரை ஏர்போர்ட், இட் டேக்ஸ் டூ அவர்ஸ். ட்ரூ டூ அவர்ஸ். மதர் பிராமிஸ்."

அது உண்மை. அவர் வாழ்க்கையில் இங்கிலீஷில் சொன்ன ஒரே உண்மையான நேரம் அதுதான். ஜூடித் "ஆஃப் கோர்ஸ்" என்று சிரித்துவிட்டு ரசத்தைக் குடித்தார். நோட்டைத் தொடக்கூட இல்லை. அந்தச் சிரிப்பு அழகுசுந்தரத்துக்குத் துளியும் பிடிக்கவில்லை. நேற்று வரை குறைத்துச் சொன்னான், இன்றைக்குக் கூட்டிச் சொல்கிறான், இரண்டு மணி என்றால் அரை மணியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார் போல.

ஒன்பதரைக்கு வண்டி கிளம்பினால் போதும். ஆனால் ஒன்பதரை என்று சொன்னால் இவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாதா? மலையாண்டியிடம் ஏழரை என்றார். சோலையம்மாளிடம், அந்தம்மா எட்டு மணிக்கே கிளம்புது, ஏழு மணிக்குப் பலகாரம் வேணும் என்றார்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அடுப்படியில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சோலையம்மா, ஏழு மணிக்குன்னேனே."

"ஏழுன்னா நீங்க ஒம்பதத்தான் சொல்வீகன்னு எனக்குத் தெரியாதாக்கும். பதினோரு மாசமா ஒங்க கூடத்தான குப்ப கொட்டுறேன்."

ஜூடித் குளித்துவிட்டு நிதானமாக வந்தார். வெள்ளைப் பணியாரம் ஊற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பணியாரத்தையும் போட்டோ எடுத்தார். அழகுசுந்தரம் வாட்சைக் காட்டினார். அவர் சிரித்தார். அழகுசுந்தரம் ஆகாயத்தைக் காட்டிக் கையை ஃப்ளைட் மாதிரி ஓட்டிக் காட்டினார். அவர் அதையும் ஒரு போட்டோ எடுத்தார்.

மலையாண்டி ஒன்பது ஐம்பதுக்கு வந்தான்.

"ஏழரைக்குச் சொன்னேன்டா."

"நீங்க ஏழரன்னா ஒம்பதர. அதுவும் வெள்ளக்காரவுக விசயம்னா இன்னும் கொஞ்சம் சேத்துச் சொல்வீக. கணக்குப் பண்ணித்தான சார் வாரேன்."

"சரி சரி, பெட்டிய ஏத்து. எடு வண்டிய."

"இப்பவா?" மலையாண்டி தலையைச் சொறிந்தான். "இன்னைக்குச் செவ்வாக்கெழம. பத்தர வரைக்கும் எமகண்டம். நான் வண்டி எடுக்க மாட்டேன்."

"அவுகளுக்கு எமகண்டமெல்லாம் கெடையாதுடா. இங்கிலீஷ்காரவுக."

"வண்டிக்கு உண்டுல்ல சார்."

கெஞ்சினார். மிரட்டினார். தானே ஓட்டுகிறேன் என்று சாவியைப் பிடுங்கப் பார்த்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது மலையாண்டிக்குத் தெரியும், அதனால் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழகுசுந்தரம் பத்தரை வரைக்கும் வாசலில் நின்றார். ஜூடித் அதற்குள் இன்னும் நாலு பணியாரம் சாப்பிட்டிருந்தார்.

பத்தரைக்குப் பெட்டி ஏறியது. சோலையம்மாள் குங்குமம் கொண்டு வந்தாள். மல்லிகைப்பூ கொண்டு வந்தாள். வழியில் சாப்பிடச் சீடை கொண்டு வந்தாள். சீடை டப்பாவுக்கு மூடி தேடப் போனாள். ஜூடித் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவள் அழுதாள். பிறகு போய்ட்டு வாரேன் என்று சொல்லிக் கொடுத்தாள். ஜூடித் 'போறேன்' என்று ஆரம்பித்ததும், "அப்படிச் சொல்லக்கூடாது தாயி" என்று திரும்பவும் முதலிலிருந்து.

வண்டி கேட்டைத் தாண்டும்போது மணி பத்து நாற்பத்தைந்து.

பத்து ஐம்பதுக்கு ஆச்சி போன்.

"இங்கிலீஷ்காரம்மா கெளம்பியாச்சா?"

"கெளம்பியாச்சு ஆச்சி."

"எப்ப?"

"இப்ப... முன்னாடியே ஆச்சி."

"அழகுசுந்தரம், எனக்கு மணி வேணும்."

"பத்தே முக்கால் ஆச்சி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஆச்சி பேசாமல் இருந்தால் போனைக் காதிலேயே வைக்கலாம் என்பதை அழகுசுந்தரம் அன்றுதான் கண்டுபிடித்தார்.

"அவுகளுக்கு ஃப்ளைட்டு தவறிப்போச்சுன்னு எனக்குத் தகவல் வரட்டும். மத்தத அப்பறம் பேசிக்கிடுவோம்."

மலையாண்டிக்குப் போன் போட்டார். வண்டி ஓட்டுகையில் மலையாண்டி போன் எடுக்க மாட்டான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் சட்டத்தை மதிக்கிறவன். பதினோரு தடவை போட்டார். மேலூர் தாண்டியிருப்பானா? பதினொன்றரை. ஒத்தக்கடை வந்திருக்குமா? பதினொன்று ஐம்பது. ஃப்ளைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கவுண்டரை அடைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அடைத்திருப்பார்கள். ஜூடித் இப்போது நோட்டை எடுத்திருப்பார். ஒரு பக்கம் 'இரண்டு மணி நேரம், மதர் பிராமிஸ்' என்று எழுதியிருப்பார்.

அழகுசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். ஆச்சி வாயால் 'போ' என்று கேட்பதைவிட நாமே மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனால், சுபலட்சுமி வீட்டாரிடம் 'அவரே வேணாம்னு வந்துட்டாரு' என்றாவது சொல்லிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பைத் திறந்து, முப்பது நாளை மூன்று தடவை படித்த இங்கிலீஷ் முழுக்கத் திரட்டி, சொந்தக் காரணங்களுக்காக மேனேஜர் பதவியிலிருந்து விலகிக்கொள்வதாக ஆச்சிக்கு எழுதினார். தப்பில்லாமல் வந்திருந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, அவருக்கே பெருமையாக இருந்தது. பன்னிரண்டு எட்டுக்கு அனுப்பினார்.

பன்னிரண்டு ஒன்பதுக்கு ஆச்சியிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது. கீழே, 'சரி. சாவியை சோலையம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகவும்.'

அந்த வீட்டில் ஒரு நிமிஷத்தில் ஆன காரியம் அது ஒன்றுதான்.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தபோது போன் அடித்தது. மலையாண்டி.

"சார், பதினோரு தடவ போட்டிருக்கீக. என்ன சார், யாருக்கும் எதுவுமா?"

"ஃப்ளைட்டு போயிருச்சாடா?"

"எந்த ஃப்ளைட்டு? நாங்க ஏர்போர்ட்டுக்கே போகலையே சார். மீனாச்சியம்மன் கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டு வச்சிருக்காகளாம். இப்பத்தான் எறக்கிவிட்டேன். சந்தோசமா போறாக."

"லாட்ஜா? பன்னெண்டு அம்பதுக்கு ஃப்ளைட்டுன்னாகளேடா."

"நானும் அதத்தான் சார் கேட்டேன். அந்தம்மா போன்ல எதையோ பேசுச்சு, போனு அதத் தமிழ்ல சொல்லுச்சு. ஃப்ளைட்டு நாளைக்குத்தானாம் சார், ஒங்ககிட்ட சொல்றதுனால ஒரு நாள் முன்னக்கூட்டியே சொல்லி வச்சாகளாம்."